சொந்தச் செயலியால் பிழைப்பது: தொடங்குவோருக்கான விளக்கம்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பின்னாலுள்ள சந்துகளில் இரண்டு வகையான தையற்காரர்களைப் பார்க்கலாம். ஒருவர், கடைக்காரர் வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கி வந்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தைத்துக் கொடுப்பவர். மற்றவர், தம் கைக்காசைப் போட்டுத் துணி எடுத்து, எந்த அளவும் எந்த நிறமும் விலைபோகும் என்று தாமே தீர்மானித்து, நைட்டியோ பாவாடையோ தைத்துக் கடைகளுக்குத் தாமே போடுபவர். முதலாமவருக்கு வேலை முடிந்தால் கூலி உறுதி. கை நின்றால் வருமானமும் நின்றுவிடும். இரண்டாமவருக்குப் பல வாரங்கள் ஒன்றுமே வராமல் போகலாம்; ஆனால் ஒரு மாதிரி பிடித்துவிட்டால் அதே மாதிரி திரும்பத் திரும்ப விற்கும்.

ஆப் என்று நாம் பேச்சில் சொல்லும் செயலியை உருவாக்கும் தொழிலிலும் இதே பிரிவுதான் இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கோ வாடிக்கையாளருக்கோ பேசிய தொகைக்குச் செயலி எழுதிக் கொடுப்பது முதல் வகை. தொழிலில் இருப்பவர்கள் இதைப் ப்ராஜெக்ட் என்பார்கள். ஒரு தேவையைத் தாமே கண்டறிந்து, தாமே எழுதி, தம் பெயரில் வெளியிட்டு, அதைப் பயன்படுத்துவோரிடமிருந்து வரும் சிறுசிறு தொகைகளைச் சேர்த்து வாழ்வது இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையைத்தான் இக்கட்டுரையில் விளக்குகிறேன். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்து 2016 முதல் இதைச் செய்துவருகிறேன். மென்பொருள் வேலை என்றால் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு வளரும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு, இப்படியும் ஒரு வழி இருக்கிறது, அதன் வரவுசெலவு இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கடையும் கமிஷனும்

செயலியை விற்பதற்கு இன்று இரண்டு பெரிய கடைகள் உள்ளன. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலை 10 அன்று 500 செயலிகளோடு திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட் என்ற பெயரில் தொடங்கிய கூகுளின் கடை, 2012-இல் கூகுள் பிளே ஆயிற்று. ஆப்பிள் கடையில் இடம்பெற ஆண்டுதோறும் 99 டாலர் கட்ட வேண்டும். ஆப்பிள் கணினி ஒன்றும் ஏறக்குறைய கட்டாயம். கூகுள் பிளேயில் ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டினால் போதும். சாதாரண மடிக்கணினியே வேலைக்கு ஆகும். நம் பகுதியில் பெரும்பாலானோர் கையில் இருப்பதும் ஆண்ட்ராய்டு போன்தான். ஆகவே, தொடங்குகிறவர் கூகுள் பிளேயில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

செயலிக்குள் நடக்கும் விற்பனையில் கடைக்கு ஒரு பங்கு போகும். தொடக்கத்தில் இரு கடைகளுமே நூற்றுக்கு 30 எடுத்துக்கொண்டன. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சிறியவர்களுக்கு ஆப்பிள் 2021 ஜனவரியிலும், எல்லோருக்கும் முதல் பத்து லட்சம் டாலர் வரை கூகுள் அதே ஆண்டு ஜூலையிலும் இதை 15 ஆகக் குறைத்தன. நாம் யாரும் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை என்பதால், நூறு ரூபாய்க்கு விற்றால் 85 ரூபாய் நமக்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செயலிக்குள்ளேயே பயன்படும் மின்னணு வசதிகளை விற்பதற்குத்தான் இந்தக் கமிஷன். செயலி வழியாக மீனையோ துணியையோ விற்று, வாங்குபவர் யூ.பி.ஐ. மூலம் வியாபாரிக்குப் பணம் அனுப்பினால் அதில் கடைக்குப் பங்கில்லை.

புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்கள் கடக்க வேண்டிய முதல் படி சோதனைக்காலம். 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், செயலியைப் பொதுவில் வெளியிடும் முன் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான டெஸ்டர்கள் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்ததை 2024 டிசம்பரில் 12 பேர் என்று குறைத்தார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு இதில் உதவினேன். அவன் கல்லூரி நண்பர்கள் பன்னிரண்டு பேரைச் சரியாக எண்ணிச் சேர்த்தான். ஒன்பதாம் நாள் ஒருவன் போனை மாற்றும்போது சோதனையிலிருந்தே விலகிவிட்டதால் தேவையான எண்ணிக்கை குறைந்து, நாட்களை மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. பதினெட்டு, இருபது பேரைச் சேர்த்து வையுங்கள். அவர்களில் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று கணினி தெரியாதவர்களும் இருக்கட்டும். அவர்கள் எங்கே விரலை வைத்துத் தடுமாறுகிறார்களோ, அங்கேதான் உங்கள் செயலியின் பிழை இருக்கிறது.

பணம் வரும் வழிகள்

விளம்பரம், ஒருமுறை விலை, சந்தா என்று மூன்று வழிகளில் பணம் வரும். மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு புரியும். ஒரு குடும்பத்துக்கு மாதம் 30,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் விளம்பரம். செயலியின் அடியில் ஒரு பட்டையாகவோ, நடுவில் முழுத்திரையாகவோ விளம்பரம் காட்டினால், ஆயிரம் முறை காட்டியதற்கு இவ்வளவு என்று பணம் வரும். கூகுளின் ஆட்மாப் என்ற சேவையைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். ஆயிரம் காட்சிக்குக் கிடைக்கும் தொகை, பார்ப்பவர் இருக்கும் நாடு, விளம்பரத்தின் வகை, பண்டிகைக் காலமா இல்லையா என்பதையெல்லாம் பொறுத்து மாறும். இந்தியப் பயனர்களுக்கு அது குறைவு. அமெரிக்கப் பயனர்களுக்குப் பல மடங்கு அதிகம். உதாரணத்துக்கு ஆயிரம் காட்சிக்கு 20 ரூபாய் என்று கொள்வோம். 30,000 ரூபாய்க்கு மாதம் 15 லட்சம் காட்சிகள், நாளுக்கு 50,000 காட்சிகள் வேண்டும். ஒருவர் ஒரு நாளில் ஐந்து முறை விளம்பரம் பார்ப்பார் என்றால், தினமும் செயலியைத் திறப்பவர்களே 10,000 பேர் இருந்தாக வேண்டும். பதிவிறக்கியவர்களில் பெரும்பகுதியினர் ஒரு வாரத்துக்குள் அழித்துவிடுவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய கூட்டம் என்பது விளங்கும்.

அடுத்து ஒருமுறை விலை. 149 ரூபாய்க்கு விற்றால், கமிஷன் போக ஏறக்குறைய 127 ரூபாய் கைக்கு வரும். 30,000 ரூபாய்க்கு மாதம் 237 பேர், அதாவது தினமும் எட்டுப் பேர் புதிதாக வாங்க வேண்டும். போன மாதம் வாங்கியவர் இந்த மாதம் வாங்கமாட்டார் என்பதுதான் இதன் கடினம்; ஆனால் அவருக்கு வரும் சிக்கல்களை ஆயுள் முழுதும் நாம்தான் தீர்த்துவைக்க வேண்டும்.

சந்தாவில் நிலைமை வேறு. மாதம் 99 ரூபாய் என்றால் கைக்கு வருவது 84 ரூபாய். 357 பேர் இருந்தால் போதும். அதிலும் அவர்கள் புதியவர்களாக இருக்க வேண்டியதில்லை. அதே 357 பேர் தொடர்ந்தால் சரி. ஆனால் அவர்களில் சிலர் மாதந்தோறும் விலகுவார்கள். நூற்றுக்கு ஐந்து பேர் விலகினால், மாதம் 18 பேரைப் புதிதாகச் சேர்த்தால்தான் இருந்த இடத்தில் இருக்கலாம்.

இந்தியாவில் சந்தா வாங்குவது முன்பு மிகக் கடினமாக இருந்தது. கடன் அட்டை வைத்திருப்பவர்கள் குறைவு. தானாகப் பிடித்தம் செய்யும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கடுமையான விதிகளை நடைமுறைப்படுத்தியபோது பலருடைய சந்தாக்கள் ஒரே நாளில் அறுந்தன. இப்போது 15,000 ரூபாய் வரையிலான தொடர் பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவையில்லை என்பதும், கூகுள் பிளேயில் யூ.பி.ஐ. ஆட்டோபே வந்திருப்பதும் பெரிய உதவி. அப்படியும், மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் பிடித்தம் தவறிப்போவது நம் மக்களிடையே சகஜம். அதைப் பார்த்துத்தான் நான் மாதச் சந்தாவை விட்டுவிட்டு ஆண்டுச் சந்தாவுக்கு மாறினேன். ஆண்டுக்கு 600 ரூபாய் என்றால் கைக்கு 510. இதே மாதம் 30,000, அதாவது ஆண்டுக்கு 3,60,000 ரூபாய்க்கு, ஏறக்குறைய 706 பேர் வேண்டும். எண்ணிக்கை கூடுதல்தான் என்றாலும், ஒருவரை ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கேட்கிறோம். கையில் காசு இருக்கும் நேரத்தில் அவரே கட்டுகிறார்.

இந்தக் கணக்குகளைப் பார்த்த பிறகும் பலருக்குப் பெரிய வெற்றிக் கதைகளின் மேல்தான் கண் போகும். ஹனோய் நகரைச் சேர்ந்த டோங் நுயென் தனியாளாக உருவாக்கி 2013-இல் வெளியிட்ட ஃபிளாப்பி பேர்ட் விளையாட்டு, 2014 தொடக்கத்தில் விளம்பரத்தால் மட்டும் நாளொன்றுக்கு 50,000 டாலர் ஈட்டியதாகச் செய்தி வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே, அந்தக் கூட்டத்தையும் கவனத்தையும் தாங்கமுடியாமல், அவரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். அவ்வாறு நடப்பது உண்மை. அதை எதிர்பார்த்து வீட்டு வாடகைக்குத் திட்டமிட முடியாது என்பதும் உண்மை.

எதைச் செய்வது

நான் 2017-இல் வெளியிட்ட முதல் செயலி, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கான பொது அறிவு வினா விடை. அதே பொருளில் நூற்றுக்கணக்கான செயலிகள் ஏற்கெனவே இருந்தன. வருமானம் விளம்பரத்தை மட்டுமே நம்பியிருந்தது. தேர்வு நெருங்கும் மாதங்களில் கூட்டம் வரும், தேர்வு முடிந்த மறுநாள் அழித்துவிடுவார்கள். அது பிழைப்புக்கு உதவாது என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

பிழைப்புக்கு உதவிய செயலி தண்டையார்பேட்டையில் ஒரு மீன்பாடி வண்டியில் தொடங்கியது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடும் அண்ணன் ஒருவர், விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி நிறைய 20 லிட்டர் கேன்களை ஏற்றிக்கொண்டு புறப்படுவார். இருநூறு வீடுகளுக்கு மேல். கணக்கெல்லாம் ஒரு நீண்ட நோட்டில். வீட்டுக்கு ஒரு பக்கம். நிறைகேன் போட்டால் ஒரு கோடு, காலிக்கேன் திரும்ப வந்தால் ஒரு சுழி. மழை நாளில் அந்த நோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார். அவருக்காக 2021-இல் ஒரு செயலி எழுதினேன். முதல் வடிவத்தில் வாடிக்கையாளர் பெயர், முகவரி, தொலைபேசி எண், வரைபடத்தில் இடம், மாத விற்பனைக்கு ஒரு வண்ண வரைபடம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் வைத்திருந்தேன். வாங்கி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இதெல்லாம் நமக்கு வேணாம்பா. எந்த வூட்ல எத்தினி காலிக்கேன் நிக்குது, அத்த காட்டுனா போதும்” என்றார்.

அந்த ஒரு வரிதான் எனக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது. தண்ணீர் விற்பனையில் அவருக்குப் பெரிய குழப்பம் இல்லை. பணத்தை எப்படியும் வாங்கிவிடுவார். நட்டம் வருவது கேனில். வீடு காலி செய்து போகிறவர்கள் கேனையும் எடுத்துப் போய்விடுவார்கள். மாடி வீட்டில் இரண்டு கேன் கிடக்கும், ஒன்றுதான் வாங்கினோம் என்பார்கள். காணாமற்போகும் ஒவ்வொரு கேனும் அவருடைய கைமுதலிலிருந்து போகிறது. நான் ஒரு வாரம் அவரோடு வண்டியில் போனேன். ஹவுசிங் போர்டு மாடிப்படிகளில் சிக்னல் வராது என்பதும், தண்ணீர்க் கேனைத் தூக்கிய ஈரக்கையோடு தொட்டால் திரை சரியாக வேலை செய்யாது என்பதும், வீடுகளை அவர் பெயரால் நினைவில் வைத்திருக்கவில்லை, வண்டி போகும் வரிசையால் நினைவில் வைத்திருக்கிறார் என்பதும் அந்த ஒரு வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தன. வரைபடங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். வண்டி போகும் வரிசையிலேயே வீட்டுப் பட்டியல், ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே நிறைகேனுக்கு ஒரு பெரிய பொத்தான், காலிக்கேனுக்கு ஒரு பெரிய பொத்தான், பக்கத்தில் நிற்கும் காலிக்கேன் எண்ணிக்கை சிவப்பு எழுத்தில். தரவு முழுதும் போனிலேயே பதிவாகும்; இணையம் கிடைக்கும்போது நகல் மேலே போகும். மாதக் கடைசியில் வீட்டுக்கு வீடு வாட்ஸ்ஆப்பில் கணக்கு அனுப்ப ஒரு பொத்தான். அவ்வளவுதான். ஆண்டுச் சந்தாவுக்கு அவர் பேரமே பேசவில்லை.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பொழுதுபோக்குக்காகச் செயலியைத் திறக்கிற நூறு பேரில் ஒருவரோ இருவரோ பணம் கொடுத்தால் அது நல்ல விகிதம். அந்த விகிதத்தில் 706 சந்தாதாரர்களைச் சேர்க்கப் பல்லாயிரம் பேர் வேண்டும். ஆனால் செயலி ஒருவரின் தொழிலில் கசியும் பணத்தை நிறுத்துமானால், அவர் அதை ஒரு கருவியாகப் பார்க்கிறார். தராசு வாங்குவதுபோல வாங்குகிறார். ஆகவே தனியாளாகப் பிழைக்க நினைப்பவர், கோடிப் பேருக்கான செயலியைத் தேடாமல், தமக்கு அருகில் இருக்கிற சில ஆயிரம் பேரின் தொழிலை உற்றுப் பார்க்க வேண்டும். வடசென்னையில் அப்படிப் பார்ப்பதற்கு என்ன குறை? காசிமேட்டில் ஏலம் எடுத்துக் கடனுக்குக் கொடுக்கும் மீன் வியாபாரிகள், வியாசர்பாடியின் லேத் பட்டறைகள், மண்ணடியின் இரும்புக் கடைகள், வீட்டுக்கு வீடு சீட்டு நடத்தும் அக்காமார்கள் என்று, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தனி நோட்டும் அந்த நோட்டில் ஒரு தீராத குழப்பமும் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் இந்த நோட்டுகளைத் திறந்து பார்க்கமாட்டார்கள். அவர்களுக்குச் சந்தை சிறியது. தனியாளுக்கு அது தாராளம்.

வாடிக்கையாளர்கள் வந்த விதமும் நான் நினைத்ததுபோல் இல்லை. நான் காசு கட்டிப் போட்ட விளம்பரத்தால் வந்தவர்கள் நிலைக்கவில்லை. கேன் போடுகிறவர்கள் எல்லோரும் விடியற்காலையில் தண்ணீர் நிரப்பும் ஆலை வாசலில் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் அந்த அண்ணன் தம் போனை எடுத்துப் பக்கத்தில் நிற்பவரிடம் காட்டினார். முதல் நாற்பது சந்தாதாரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். பிறகு கடையின் தேடலில் இருந்தும் வரத் தொடங்கினார்கள். இதில் ஒரு குறிப்பு: நம் மக்கள் பெரும்பாலும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள். ஆகவே செயலியின் விவரப் பகுதியில் தமிழ் எழுத்தில் எழுதியதோடு, அவர்கள் தட்டும் வடிவத்தையும் இயல்பாக வரும்படி சேர்த்து எழுதினால் தேடலில் கண்ணில் படும்.

தமிழில் செயலி எழுதுவதில் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘Save’ என்று நான்கு எழுத்தில் முடியும் சொல், தமிழில் ‘சேமிக்கவும்’ என்று நீளும். பொத்தானுக்குள் அடங்காமல் ‘சேமிக்க…’ என்று வெட்டுப்படும். நம் பெரியவர்கள் பலர் போனில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அப்போது வெட்டு இன்னும் அதிகமாகும். நான் ஒவ்வொரு திரையையும், எழுத்தை மிகப்பெரிய அளவில் வைத்து, நினைவகம் நிறைந்து தடுமாறும் ஒரு பழைய போனில்தான் கடைசியாகச் சோதிக்கிறேன். பர்மா பஜாரில் வாங்கிய பழைய போன் அது. என் மேசையில் இருப்பவற்றில் எனக்கு அதிகம் உதவியது அதுதான். தமிழுக்கென்று செய்வதில் சந்தை கிடையாது என்று சொல்பவர்களுக்கு, முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 முதல் கைப்பேசிகளில் தமிழை எழுதவைத்து வருவதை நினைவூட்டுவேன்.

பராமரிப்பு

செயலியை வெளியிட்டதோடு வேலை முடிந்துவிடாது. என் அனுபவத்தில் பாதி வேலை அதற்குப் பிறகுதான். ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் வரும். செயலியும் அதற்கேற்ப மாற வேண்டும் என்று கூகுள் ஆண்டுதோறும் கெடு வைக்கும். கெடுவைத் தவறவிட்டால் புதுப்பிப்பு வெளியிட முடியாது. மிகவும் பழையதாகிவிட்டால் புதிய போன் வைத்திருப்பவர்களின் கண்ணுக்கே செயலி தெரியாது. விதிகளும் மாறும். குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் செயலிகள் படிப்பதற்கு 2019-இல் கூகுள் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்துச் செலவுக்கணக்கு எழுதித்தந்த பல சிறிய செயலிகள் தம் அடிப்படையையே இழந்தன. அடுத்தவர் திண்ணையில் கடை போட்டிருக்கிறோம் என்ற நினைவு எப்போதும் இருக்க வேண்டும். அதனால்தான் பயனர்களின் தொலைபேசி எண்களை அவர்கள் சம்மதத்தோடு தனியே வாங்கி வைத்திருக்கிறேன். நாளை கடையில் ஏதாவது சிக்கல் வந்தால் அவர்களை நேரடியாகத் தொடர்புகொள்ள அது ஒன்றே வழி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மாடியறையில் நான் இல்லை. கீழே படுக்கையறையில் கட்டிலுக்கடியில் இருந்த மடிக்கணினி நனைந்து போயிற்று. நிரல் முழுதும் இணையத்தில் நகலாக இருந்ததால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் பழைய வினா விடைச் செயலியின் கையொப்பச் சாவி, அதாவது இந்தப் புதுப்பிப்பை அனுப்புவது அசல் உரிமையாளர்தான் என்று நிரூபிக்கும் சிறு கோப்பு, அந்தக் கணினியில் மட்டுமே இருந்தது. அந்தச் சாவி இல்லாமல் அந்தச் செயலிக்கு ஒரு புதுப்பிப்பும் அனுப்ப முடியாது. புதிய பெயரில் புதிதாக வெளியிட்டு, பழைய பயனர்களை விட்டுவிட வேண்டியதுதான். விட்டுவிட்டேன். 2021 ஆகஸ்டுக்குப் பிறகு கூகுள் பிளேயில் புதிதாக வெளியாகும் செயலிகளுக்கு அந்தச் சாவியைக் கூகுளே பாதுகாக்கிறது என்பதால், அதற்குப்பின் வெளியான தண்ணீர்க் கேன் செயலி தப்பித்தது. அப்படியிருந்தும், பதிவேற்றுவதற்கான சாவியையும் கடவுச்சொற்களையும் மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். அதில் ஓர் இடம் பெரம்பூரில் இருக்கும் அக்கா வீட்டு பீரோ.

ரிவ்யூ பற்றிச் சுருக்கமாக: ஒரு நட்சத்திரம் கொடுத்தவருக்குத்தான் முதலில் பதில் எழுத வேண்டும். கோபமாக எழுதுகிறவர் செயலியை இன்னும் அழிக்கவில்லை என்று பொருள். சிக்கலைத் தீர்த்துவிட்டு மறுபடியும் எழுதினால், பலர் தாமாகவே மதிப்பீட்டை மாற்றுகிறார்கள்.

பணம் கைக்கு வருவது

விளம்பர வருமானத்தை நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சொந்த விளம்பரத்தைத் தாமே தொடுவதும், நண்பர்களைத் தொடச் சொல்வதும் கணக்கை மூடவைக்கும் குற்றங்கள். மூடப்பட்ட கணக்கை மீட்பது மிகக் கடினம். சோதனையின்போது சோதனை விளம்பரங்களை மட்டுமே பயன்படுத்துங்கள். வருமானம் 10 டாலரைத் தொட்டதும், முகவரியைச் சரிபார்க்க ஓர் எண்ணை அச்சிட்டுத் தபாலில் அனுப்புவார்கள்; அதைப் பதிவுசெய்தால்தான் பணம் நகரும். எங்கள் வீட்டுக் கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் உண்டு. நான் புதிய எண்ணை மட்டும் கொடுத்திருந்தேன்; அதே புதிய எண்ணைப் பழைய எண்ணாகக் கொண்ட வீடு தெருவின் அந்தக் கோடியில் இருந்தது. முதல் கடிதம் அங்கே போய்த் தொலைந்தது. இரண்டாம் முறை இரண்டு எண்களையும் எழுதி, தபால்காரரிடமும் நேரில் சொல்லிவைத்த பிறகே கைக்கு வந்தது. அப்படியும் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அதுவும் அடுத்த மாதம் 21-ஆம் தேதிக்குப் பிறகு.

வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து வரும் பணம் என்பதால், அது எந்த நோக்கத்துக்கானது என்று வங்கி கேட்கும். கணக்கிலுள்ள பெயரும் பான் அட்டையிலுள்ள பெயரும் தலைப்பெழுத்து உட்பட ஒன்றாக இருக்கட்டும். இது வருமான வரிக்கு உட்பட்ட பணம். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, சேவை வழங்குகிறவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு மொத்த வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஏற்றுமதி வருவாயும் அந்த மொத்தத்தில் சேரும். இதற்கு மேலுள்ள நுணுக்கங்களுக்கு ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்கள். அதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண்செலவன்று. இன்னொன்று: பணம் ஈட்டும் தனிநபர் கணக்கின் முழு முகவரியையும் கடை பொதுவில் காட்டும். வீட்டு முகவரியைக் காட்ட விரும்பாத பெண்களும், குடும்பத்தோடு இருப்பவர்களும் இதைக் கணக்குத் தொடங்கும் முன்பே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலையை எப்போது விடுவது

என்னிடம் வருகிற இளைஞர்கள் எல்லோரும் கடைசியில் கேட்பது இதைத்தான். செயலியின் வருமானம் தொடர்ந்து ஆறு மாதங்கள் வீட்டுச் செலவைத் தொட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் ஓராண்டுச் செலவு வங்கியில் தனியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஆகும்வரை சம்பள வேலையிலோ, பேசிய கூலிக்கு எழுதும் ப்ராஜெக்டிலோ ஒரு கால் இருக்கட்டும். கூலிக்குத் தைத்துக்கொண்டே சொந்தத் துணிக்குக் காசு சேர்த்தவர்கள்தான் எம்.சி. ரோட்டில் கடை போட்டார்கள். நானும் 2019 வரை பகலில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். இன்றும் வாரத்தில் இரண்டு நாட்களைப் ப்ராஜெக்டுகளுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

மீதி நாட்களில் காலை ஐந்தரை மணிக்கே கணினி முன் உட்கார்ந்துவிடுவேன். கேன் வண்டிகள் ஓடும் நேரம் அது. ஏதாவது கோளாறு என்றால் போன் அந்த நேரத்தில்தான் வரும்; ஏழு மணிக்கு மேல் திருத்திக் கொடுத்தால் கூப்பிட்டவருக்கு அன்றைய கணக்கு போயிற்று.